ஓநாய் வேஷம் கட்டும் ஆறு கிலோ நாய்

“ஓநாய் என்ன, சோறு வடிச்சா தின்னுச்சு?”

நாய்க்குப் பச்சை இறைச்சி போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து விழும். கேட்கிறவரின் காலடியில் ஆறு கிலோ ஜேக் ரஸ்ஸல் ஒன்று ஏசி காற்றில் மல்லாந்து கிடக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் கேட்டுச் சலித்த கேள்வி, இப்போது தூத்துக்குடியிலும் கேட்கிறது. இங்கே அதற்கு ஒரு உள்ளூர் வாலும் முளைத்திருக்கிறது: “நம்ம ஊர்ல மீனுக்கா பஞ்சம்? திரேஸ்புரத்துல படகு வந்ததும் வாங்கி அப்படியே போட வேண்டியதுதானே.”

எனக்குச் சண்டை அந்த ‘அப்படியே’ மேல்தான்.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். பச்சை எலும்பும் இறைச்சியும்தான் நாய்க்குப் பரிணாமம் விதித்த உணவு என்பது அவர் வாதம். அந்த உணவு முறையின் சுருக்கப் பெயர் ‘பார்ஃப்’. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதற்கு வாந்தி என்று பொருள். நான் வைத்த பெயர் இல்லை.

பரிணாமத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது முழுசாகத்தான் பேசும். 2013-ல் ‘நேச்சர்’ இதழில் சுவீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுத் தொகுதியை ஓநாயினுடையதோடு ஒப்பிட்டு எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்குகிற மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை. விவசாயம் வேரூன்றிய நாடுகளின் நாய்களிடம் பிரதிகள் கூடுதல், வடதுருவப் பக்கத்து ஹஸ்கியிடமும் ஆஸ்திரேலிய டிங்கோவிடமும் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. நம் மிச்சச் சோறும் கஞ்சியும் தலைமுறை தலைமுறையாக நாயின் உடம்புக்குள்ளேயே கோடு எழுதியிருக்கின்றன. அந்த அப்டேட்டை ஒரு புத்தகம் படித்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்ய முடியாது.

அதிலும் ஜேக் ரஸ்ஸல்! ஜான் ரஸ்ஸல் என்கிற ஆங்கிலப் பாதிரியார் 1819-ல் ஒரு பால்காரரிடமிருந்து வாங்கிய பெட்டை நாயிலிருந்து தொடங்கும் வம்சம் அது. நரியை வளையிலிருந்து வெளியே விரட்டுவதற்காக மனிதன் பார்த்துப் பார்த்துச் செய்த நாய். (அந்தப் பெட்டையின் பெயர் டிரம்ப். ஜோக் அடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.) நம் மாவட்டத்திலேயே கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் கரிசலில் ஓடுகிற கன்னி நாயை எடுத்துக்கொள்ளுங்கள். முயலை விரட்டிப் பிடிக்கிற அசல் வேட்டை நாய். கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் குடித்து வளர்ந்த பரம்பரை. அதனிடம் இல்லாத காடு உங்கள் அபார்ட்மெண்ட் நாயிடம் இருக்கிறதா?

அடுத்த வாதம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும். “ஏலக்கூடத்துக்கு வெளியில நாய்ங்க பச்சை மீன் தலையத் தின்னுட்டு கிண்ணுனு திரியுதே?” திரிவதைத்தான் நாம் பார்க்கிறோம், செத்ததை யாரும் பார்ப்பதில்லை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தது. இனப்பெருக்க வயதை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பது. சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்கள்தான் காரணம், தீனி அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படி வடிகட்டி மிஞ்சியதைக் காட்டி “பாரு, ஆரோக்கியம்” என்று சொன்னால் எந்தப் பொறியாளனும் அந்த டேட்டாவைத் தொட மாட்டான். போகட்டும், அந்த நாய் மீனோடு நிறுத்துகிறதா? ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு நைட் கிளப் பரோட்டா கடை வாசலில் போய்ப் பாருங்கள். சால்னாவில் ஊறிய பரோட்டாத் துண்டுக்கு நாலு நாய் நிற்கும்.

இனி மீனுக்கு வருகிறேன். 1932-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவருடைய பண்ணையில், ரோமத்துக்காக வளர்த்த நரிகள் பசியில்லாமல் கிடந்து, தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. தீனியில் பச்சை மீன் கலந்திருந்தார்கள். சில மீன்களில் தயமினேஸ் என்றொரு நொதி உண்டு, அது தீனியில் இருக்கிற தயமினை, அதாவது பி1 வைட்டமினை, உடைத்துப்போடும் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அந்த நோய்க்கு இன்றும் சாஸ்டெக் வாதம் என்றுதான் பெயர். நரி நாய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். சாளையும் நெத்திலியும் சேர்ந்த மீன் வரிசையில் இந்த நொதி உள்ளவை பல இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் தினமும் நாய்த் தட்டில் போடுவதும் அவற்றைத்தான். ஃப்ரீசரில் வைத்தாலும் நொதி சாகாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். விஷயம் அவ்வளவுதான், ஒரு கொதி.

பச்சைச் சதையும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முத்துச் சலாபம் நடந்த நாட்களில் சிப்பியில் பெரும்பகுதியைக் குவித்து, அடைத்துவைத்து, அழுக விட்டார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். 1961-க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை, ஆனால் வெயில் அதே வெயில்தான். இங்கே விசைப்படகு விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்புகிறது. நீங்கள் காலையில் கடையில் பார்க்கும் ‘ஃபிரெஷ்’ மீன் ஒரு பகலும் ஓர் இரவும் ஐஸில் கிடந்ததாக இருக்கலாம். மீன்காரர்கள் இதைத் தெரிந்தவர்கள். அதனால்தான் உப்பும் கருவாடும் இந்த ஊரின் தொழில் ஆயின, அதனால்தான் சூரையை அவித்து, புகை போட்டு, காயவைத்து மாசி ஆக்கினார்கள். தலைமுறையாகக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் யாரும் மீனை அப்படியே தின்னவில்லை. கடலைப் பார்த்த பால்கனி உள்ளவர்களுக்குத்தான் அந்த ஞானம் வருகிறது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம், என் தொழில் புத்தி விடாது. நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவைக்குக் கால்நடை மருத்துவத்தில் ஒரு சூத்திரம் உண்டு: உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். ஆறு கிலோவுக்குச் சுமார் 270 கலோரி. ஓடியாடுகிற நாய்க்கு அதில் 1.6 மடங்கு, ஏறக்குறைய 430. ஜேக் ரஸ்ஸலைப் பற்றிப் பேசுகிறோம், அது சோபாவிலிருந்து கதவுக்கு நடந்து போகாது, பறக்கும். பச்சைத் தீனிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு உடல் எடையில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம். மூன்று என்றே வைத்தாலும் 180 கிராம். கொழுப்பில்லாத மீன் சதையில் நூறு கிராமுக்குச் சுமார் 100 கலோரி, ஆக 180. தேவையில் பாதிகூட இல்லை. சின்ன நாய்க்கு ஐந்து சதவீதம் என்பார்கள் சிலர், அப்போதும் 300தான். பெரிய நாயைவிடச் சின்ன நாய்க்குக் கிலோவுக்குத் தேவை அதிகம், சேமிப்பு குறைவு. இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரியும். அதைப் பார்த்துவிட்டு “செம ஃபிட்டா ஆயிட்டான்” என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள்.

நாய் பாவம். ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதனால் மட்டும் இல்லை. என்னோடு பொறியியல் படித்தவன் ஒருவன் தூத்துக்குடியில் இருக்கிறான், நாய் இருக்கிறது, இரண்டு வயதில் மகளும் இருக்கிறாள். தீனி பற்றி மணிக்கணக்கில் பேசுவான். கோழிக் கழுத்தை வெட்டுவது, மீனை உருகவைப்பது, வழவழத்த கிண்ணத்தைத் தேய்ப்பது எல்லாம் பாத்திரம் கழுவ வரும் அக்கா. அவர் என்னிடம் சொன்னார்: “பிள்ளைக்குப் பால் ஆத்துத இடம் தம்பி இது. இங்கனயே வச்சு கோழியையும் வெட்டச் சொல்லுதாவ.” அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-க்கும் 2012-க்கும் நடுவில் கடையில் விற்கும் நாய், பூனைத் தீனிகளைச் சோதித்தது. பச்சை உணவு மாதிரிகள் 196. அவற்றில் 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா. அது உறைநிலையில் பேக் செய்து விற்கிற நாடு. இங்கே வாங்குவது வெயிலில் தொங்கும் பிராய்லர். கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்கைக் கோழித் தீவனத்தில் கலப்பதற்கு இந்தியாவில் தடை வந்ததே 2019-ல்தான். நாய்க்குச் சால்மோனெல்லா இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம், மலத்திலும் எச்சிலிலும் பரப்பிக்கொண்டே திரியும். அது நக்குவது குழந்தையின் முகத்தை, கிண்ணம் கழுவுவது அக்காவின் கை. அவர் வயிற்றுப்போக்கில் நான்கு நாள் வராமல் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். தீனியை முடிவு செய்தது அவரா?

பாக்கெட் தீனிக் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். 2007-ல் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் போய்ச் செத்தன. பாக்கெட் மேல் சந்தேகம் வருவது நியாயம். பச்சைத் தீனியில் மலம் குறையும், நாய் ஆசையாகத் தின்னும் என்பதும் உண்மை. ஆனால் பாக்கெட்டுக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு அடுப்பு இருக்கிறதே, அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? சமைத்துப் போடுவது பாட்டி செய்த வேலை. அதில் வெளிநாட்டுச் சொல் இல்லை, ஸ்டேட்டஸ் போட ரத்தமும் இல்லை.

அடுப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கெட்ட சூரையை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் ஊறிய ஹிஸ்டமின் போகாது, அதனால் நல்ல மீனாக வாங்க வேண்டும். வெந்த கோழி எலும்பு ஈட்டி மாதிரி உடையும், போடக் கூடாது. சோறும் கறியும் மட்டும் என்றால் கால்சியம் போதாது, மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும். வெங்காயம் ஆகவே ஆகாது.

இதையெல்லாம் சொன்னபோது நண்பன் கடைசியாக ஒன்று கேட்டான். “வேகவச்சா சத்து போயிருமேல?”

கொஞ்சம் போகும். பாதிக்கு மேல் அந்தத் தண்ணியிலதான் கிடக்கும், கொட்டாம சோத்துல ஊத்திப் பிசைல என்றேன்.