6 எழுத்து 'சைதாப்பேட்டை' லிங்க்கில் 108 குறிகளாவது ஏன்?

தமிழ் விக்கிப்பீடியாவில் சைதாப்பேட்டை பக்கத்தின் லிங்க்கை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால், பல நேரம் ஊர்ப் பெயருக்குப் பதில் % குறிகளும் எண்களும் வரிசையாக வந்து விழும். 'வைரஸா இருக்குமோ?' என்று சிலர் தொடவே தயங்குவார்கள். உண்மையில் இது இணையத்தின் பழைய விதி. அதைச் சரியாகப் பின்பற்றாத இடத்தில்தான் சிக்கலே.

என்ன விதி அது?

இணைய முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே நேரடியாக வரலாம். மற்றவற்றை % போட்டு மாற்றி எழுத வேண்டும். இடைவெளி %20 ஆகும்; & குறி %26 ஆகும். இப்போதைய தரநிலை 2005-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உள்ளிட்டோர் எழுதியது.

தமிழுக்கு ஏன் இவ்வளவு நீளம்?

யூனிகோடில் 'சை' என்பது 'ச' தனி, ஐகாரக் குறி தனி. அப்படி எண்ணினால் சைதாப்பேட்டைக்கு 12 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஒரு பைட்டை எழுத % சேர்த்து 3 குறிகள். ஆக 12 × 9 = 108. ஆங்கிலத்தில் 8 எழுத்தோடு முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே?

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் & வந்தால், 'ஒரு தகவல் முடிந்தது, அடுத்தது ஆரம்பம்' என்று அர்த்தம். கடைகளின் யுபிஐ கியூஆர் கோடுக்குள் இருப்பதும் இதே மாதிரி முகவரிதான். உதாரணமாக, 'குமார் & சன்ஸ்' என்ற பெயரை மாற்றாமல் போட்டால், 'குமார்' என்பதோடு அறுந்துவிடும்.

+ இன்னும் மோசம். பல சர்வர்கள் அதை இடைவெளியாகப் படிக்கும். ரத்த தானத் தளத்தில் 'ஏ+' என்று தேடுபவருக்கு, பட்டியலில் ஆட்கள் இருந்தும் 'யாரும் இல்லை' என்று பதில் வரலாம்.

யார் என்ன செய்யலாம்?

டெவலப்பர்கள் முகவரியைக் கையால் ஒட்டாமல், புரோகிராமிங் மொழியிலேயே இருக்கும் என்கோடிங் வசதியைப் பயன்படுத்தலாம். ஒருமுறை போதும், இரண்டு முறை மாற்றினால் %20 என்பது %2520 ஆகிவிடும். டெஸ்டிங்கில் ஒரு தமிழ்ப் பெயர், ஒரு &, ஒரு + கட்டாயம் இருக்கட்டும்.

லிங்க்கைத் திறப்பவர்கள் % குறியைப் பார்த்து மிரள வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கும் தளத்தின் பெயர் சரியா என்று பாருங்கள். மோசடி லிங்க் மாட்டுவது அங்கேதான்.