ஒப்புரவாகாத கணக்கு

இயேசு யாருக்காகச் செத்தார்? எல்லாருக்குமா, கடவுள் முன்கூட்டியே பொறுக்கி வச்ச ஆட்களுக்கு மட்டுமா? 1618-19இல் ஹாலந்தின் டோர்ட் நகரத்தில் சீர்திருத்த சபையார் மாசக்கணக்கில் உட்கார்ந்து இதை வாதாடினார்கள். அந்தச் சாவின் மதிப்பு உலகம் முழுவதற்கும் போதும், பலனோ தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்று தீர்த்தார்கள். எதிர்த்துப் பேசிய ஆர்மீனியஸின் சீடர்களை மன்றத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள்.

நம்ம கேள்வி வேற. அந்தச் சாவு எத்தனை பேருக்கு என்பதல்ல, எவ்வளவு தூரத்துக்கு என்பது. ஆத்துமாவோடு நின்னுபோகுதா, கல்லறை வரைக்கும் வருதா?

வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கோயிலுக்கு இரண்டு கால். ஒன்றில் வேளாளர் முதலானோர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்துக்காரனுக்கு அந்தப் பக்கத்துக்காரன் தெரியமாட்டான். சுவர் இடிந்தது 1910இல்.

பிரிவினையின் நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்ததாக எபேசியர் நிருபம் சொல்கிறது. இதை வெறும் உவமை என்று தள்ள முடியாது. எருசலேம் ஆலயத்தில் அப்படியொரு தடுப்பு நிஜமாகவே இருந்தது. தாண்டி வரும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871இல் கிடைத்தது. ஆக, ஒப்புரவு என்பது ஆரம்பத்திலிருந்தே கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிய பேச்சுதான்.

எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நமக்குக் கிடைக்கிற புத்திமதி ஒண்ணே ஒண்ணு: "சபையைப் பிரிக்காதீங்க, சமாதானமாப் போங்க." பிரிச்சவன் யாரு? தனிக் கல்லறையும் தனிப் பாதையும் நாம கேட்டு வாங்கினதா?

நான் பேங்க்கில் குமாஸ்தா. அங்கேயும் ரீகன்சிலியேஷன் உண்டு. இரண்டு புத்தகத்தின் மீதியும் ஒத்து வரலைன்னா, எழுதாமல் விட்ட பதிவைத் தேடிப் பிடித்து எழுதணும். 'பரவாயில்லை, இரண்டும் சமம்னு வச்சுக்குவோம்' என்று கையெழுத்துப் போட்டால் அதுக்குப் பேர் மோசடி. சபை நம்மிடம் கேட்கிற கையெழுத்து அதுதான்.

இயேசு சொன்ன வழி நேர்மாறு. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை வச்சுட்டு எழுந்து போகணும். நடக்க வேண்டியவன் குற்றம் செய்தவன், குறைபட்டவன் இல்லை. சகேயு பாவத்தை ஒத்துக்கிட்டதோடு நிற்கவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். அதற்கப்புறம்தான் அவன் வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒத்துக்கொண்டது. நல்ல பாவசங்கீர்த்தனம். பரிகாரம் எங்கே?

அரசாங்கத்தின் கணக்கோ இன்னொரு தினுசு. 1950 ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதிக்கு மத நிபந்தனை போட்டது. சீக்கியர் 1956இல் உள்ளே வந்தார்கள், பௌத்தர் 1990இல். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. நிபந்தனையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. மதம் மாறினா சாதி போச்சுன்னு சட்டம் சொல்லுது. சாதியைக் கல்லறை வரைக்கும் கூட்டிக்கிட்டு வருது சபை. இரண்டு புத்தகத்திலும் நம்ம பதிவு இல்லை.

சட்டத்தை மாற்றச் சொல்லி டெல்லியில் ஊர்வலம் போகிற ஆயர்களே, போங்க, நாங்களும் வர்றோம். ஆனா உங்க கையிலேயே இருக்கிறதுக்கு டெல்லி எதுக்கு? ஒரே கல்லறை, ஒரே பாதை, பள்ளி கல்லூரி வேலையில் பங்கு, குருமடத்தில் இடம். இதுக்கெல்லாம் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

இயேசு நகர வாசலுக்கு வெளியே செத்தார் என்கிறது எபிரெயர் நிருபம். அவரிடம் போக, பாளயத்துக்குப் புறம்பே வரச் சொல்கிறது. நம்ம ஊர்ல வெளியே இருக்கிறது சேரி. ஒப்புரவு வேணும்னா ஊர்தான் அங்கே நடந்து வரணும். வரும்போது கையில் கடப்பாரை இருக்கணும்.