எய்தவர் இருக்க அம்பை நோவதா?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்களே, அதற்கு யார் பொறுப்பு? விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கண்டுபிடித்த விடை, விமான இயக்க ஆய்வாளர்கள் நால்வர். நால்வரும் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் ஒரே உத்தரவில் அவர்களை நீக்கி வேலையை முடித்துவிட்டார்கள்.

அவர்கள் கடமை தவறியிருக்கலாம், தவறியிருந்தால் தண்டிக்கட்டும். ஆனால், இந்த நெருக்கடியின் மையத்தில் இருந்த, விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. நிறுவனங்கள் முணுமுணுத்ததும் அதைத் தள்ளிவைத்தவர்கள் இந்த நால்வரா? நெருக்கடி முற்றியதும் டிசம்பர் 5 அன்று அவசர அவசரமாக அதைத் தளர்த்தியவர்கள் இவர்களா? முடிவெடுத்தவர்கள் பத்திரமாகவே இருந்தார்கள்.

இந்த இயக்குநரகத்தில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் நிலை என்ன? நள்ளிரவில் வந்து நிற்கும் விமானம் அரை மணி நேரத்தில் மீண்டும் கிளம்ப வேண்டும். அதற்குள் ஓர் ஆய்வாளர் டார்ச்சைப் பிடித்தபடி டயர் தேய்மானத்தையும், எண்ணெய்க் கசிவையும், பழுதுப் பதிவேட்டில் தள்ளிப்போட்ட வேலைகளையும் பார்க்கிறார். ஏதேனும் ஒன்று சரியில்லை என்று அவர் எழுதினால் விமானம் நிற்கும், நிறுவனத்துக்கு நஷ்டம், உடனே மேலிடத்துக்குத் தொலைபேசி பறக்கும். அப்படி எழுதும் துணிச்சலுக்கு, காலடியில் உறுதியான வேலை வேண்டாமா? விமான இயக்க ஆய்வாளரோ ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பவர். விமான நிறுவனத்திலிருந்து வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டியவர். இன்று யாருடைய குறையை எழுதுகிறாரோ, நாளை அவரிடமே வேலை கேட்டு நிற்பவர். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கும் பெரிய ஆறுதல் இல்லை. தனியார் நிறுவனம் தரும் சம்பளம் இங்கே கனவு. தலைமை நாற்காலி பெரும்பாலும் ஆட்சிப் பணி அதிகாரிக்கே. ஆளெடுப்போ மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வழியாக ஆமை வேகத்தில். விளைவு, அனுமதிக்கப்பட்ட தொழில்நுட்ப இடங்களில் ஏறத்தாழப் பாதி 2025இல் காலியாக இருந்தன. அகமதாபாத் விமான விபத்தில் 260 உயிர்கள் போன அதே ஆண்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைச் சுட்டிக்காட்டியது. யார் காதில் விழுந்தது?

மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்புக் கண்காணிப்புக்கு எட்டு அடிப்படைக் கூறுகளை வகுத்திருக்கிறது. தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளர்கள் அவற்றில் ஒன்று. அவர்களுக்குத் தகுதிக்கேற்ற ஊதியமும் பணி நிலைமையும் வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர்தான்.

நம் மேலிடத்துக்கு இது புதுப் பாடமும் அல்ல. 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டிப் பலர் விமானி உரிமம் வாங்கியது அம்பலமாகி நாடே சிரித்தது. 2014 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தியாவை விமானப் பாதுகாப்புக் கண்காணிப்பில் இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. முழுநேர விமான இயக்க ஆய்வாளர்கள் போதுமான அளவில் இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் நின்றன. 2015 ஏப்ரலில் மானம் திரும்பியது. எப்படி? ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து! அன்று ஆபத்துக்குப் பிடித்த அந்த ஒட்டுப்போட்ட ஏற்பாட்டையே பத்தாண்டுகளாக நிரந்தரமாக்கி வைத்திருக்கிறார்கள். விமானப் போக்குவரத்துக்கெனத் தன்னாட்சி ஆணையம் அமைக்க 2013இல் கொண்டுவந்த மசோதா மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. 2020இல் விமானச் சட்டத் திருத்தம், 2024இல் புதுச் சட்டம். பெயர்ப் பலகை பளபளக்கிறது, உள்ளே நாற்காலிகள் காலி.

ஆட்பற்றாக்குறையை வளர்த்தவர்கள், இருக்கிற ஆட்களையும் நீக்கிவிட்டு நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள். இதற்குப் பெயர் பொறுப்பேற்பு அல்ல, கைகழுவல். இனி எந்த அனுபவசாலி இந்த வேலைக்கு வருவார்? வருகிறவரும் எழுத வேண்டியதை எழுதுவாரா?

தொழில்நுட்பப் பணியாளர்களுக்குக் கௌரவமான ஊதியமும், பதவி உயர்வும், அச்சமின்றிப் பணியாற்றும் பாதுகாப்பும் கிடைக்க அரசு தாமதமின்றி வழிகாண வேண்டும். விதியைத் தள்ளிப்போட்டவர்கள் யார் என்பதையும் நாட்டுக்குச் சொல்ல வேண்டும். நால்வரின் நீக்கத்தோடு இந்தக் கணக்கு முடிந்துவிடாது.