உப்புத்தண்ணி மேல மட்டும் பழியைப் போடாதீங்க

மக்களே, திருவண்ணாமலைல பிராக்டிஸ் பண்றவங்க வாராவாரம் கேக்குற கேள்வி இது: "டாக்டர், எங்க வீட்ல போர் தண்ணி, ஒரே உப்பு. அதான் குழந்தைக்கு இந்த அரிப்பா? சாஃப்ட்னர் போட்டா சரியாயிடுமா?" ஒரே தடவையா எழுதிடறேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

ஒரு அம்மா. நாலு வயசுப் பையனுக்கு கரப்பான், அதாவது எக்ஸிமா. கடன் வாங்கி வீடு முழுக்க சாஃப்ட்னர் மாட்டிட்டாங்க. தண்ணிதான் சரியாயிடுச்சேன்னு நான் எழுதிக் கொடுத்த க்ரீமை நிறுத்திட்டாங்க. மூணு வாரத்துல முழங்கை மடிப்பெல்லாம் நீர் வடிய, ராத்திரி தூக்கமே இல்லாம வந்து நின்னான் பையன். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டுன்னு சொன்னாலே பயமுறுத்துற உலகம் இது.

நம்ம மலையைச் சுத்தி பாறை பூமி. பாறை இடுக்குல தங்குற தண்ணி கால்சியம், மெக்னீசியத்தைக் கரைச்சிக்கிட்டு மேல வருது. கீசர் காயில்ல வெள்ளையா படியறது அதுதான். பிஐஎஸ் தரப்படி குடிநீர்ல இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். வேற தண்ணியே இல்லன்னா 600.

அப்போ தண்ணிக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பள்ளிக் குழந்தைகள்கிட்ட பண்ணி 1998ல வந்த ஆய்வு, கடினத் தண்ணி வர்ற பகுதிகள்ல எக்ஸிமா அதிகம்னு காட்டுச்சு.

ஆனா அடுத்த கதையை விளம்பரக்காரங்க சொல்ல மாட்டாங்க. அதே இங்கிலாந்துல, எக்ஸிமா இருந்த 336 குழந்தைகளை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோட வீட்ல சாஃப்ட்னர், இன்னொண்ணுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 12 வாரம். ரிசல்ட் 2011ல வந்துச்சு. ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேறினாங்க. சாஃப்ட்னரால தனியா ஒரு லாபமும் இல்ல.

என் கருத்து இதுதான்: தண்ணி கூட்டாளி. மெயின் குற்றவாளிங்க சோப்பும் சூடும்.

நம்ம தோலோட பிஹெச் சுமார் 5, லேசான புளிப்பு. சாதாரண சோப்பு 9, 10. காரம். பாக்கெட்ல டிஎஃப்எம் 76% போட்டிருந்தாலும் அது சோப்புதான், காரம்தான். அது கால்சியத்தோட சேர்ந்தா நுரை வராது, திரிதிரியா ஒரு படிவு வரும். பக்கெட் ஓரத்துல பார்த்திருப்பீங்க, அதே படிவு தோல்லயும் உக்காருது. நுரை வரலையேன்னு இன்னும் ரெண்டு தேய் தேய்ப்போம். அங்கதான் வம்பு.

மேல கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கார்த்திகை தீபத்துக்கு வர்றவங்க 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சிட்டு, கால் வலி போகட்டும்னு ஆவி பறக்க ஊத்திக்கறாங்க. ஊத்தும்போது சுகமாத்தான் இருக்கும். தோல்ல இருக்குற எண்ணெய் எல்லாம் போயிடும். மறுநாள் முழங்கால்ல வெள்ளைக் கோடு, அரிப்பு. பழி மட்டும் லாட்ஜ் தண்ணி மேல.

சரி, என்ன பண்ணலாம்? வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷத்துக்குள்ள குளியல். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும் போதும். கரப்பான் இருக்குற குழந்தைக்கு பிஹெச் 5.5 சிண்டெட் பார் கேட்டு வாங்குங்க. துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர். கையில காசு இல்லையா, தேங்காய் எண்ணெய். நான் சொல்றதுலயே முக்கியமான வரி இதுதான், ஆனா இலவசம்னு யாரும் மதிக்க மாட்டேங்கறாங்க!

அந்தப் பையனுக்கு நிறுத்தின க்ரீமையே திரும்ப ஆரம்பிச்சோம். டாக்டர் சொன்ன இடத்துல, சொன்ன நாள் மட்டும் போட்டா பயப்பட ஒண்ணுமில்ல. இப்போ தூங்கறான்.

ஏற்கெனவே சாஃப்ட்னர் வாங்கினவங்க என்னைத் திட்டாதீங்க. கீசர் நல்லா உழைக்கும், துணி வெளுக்கும். க்ரீமை மட்டும் நிறுத்தாதீங்க. புண்ணுல நீர் வடிஞ்சாலோ, மஞ்சளா பொருக்கு தட்டினாலோ, கூட காய்ச்சல் இருந்தாலோ, டிஎம்ல போட்டோ அனுப்பிட்டு காத்திருக்காம நேர்ல டாக்டரைப் பாருங்க.