படம்னா வசூல் மட்டுமா?



போன மாதச் சுவரிதழில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் 'கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய ஐந்து படங்கள்' என்று எழுதியிருந்தான். எல்லோரும் படித்திருப்பீர்கள். பாட்ஷா (1995), கில்லி (2004), விக்ரம் (2022), ஜெயிலர் (2023), லியோ (2023). சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் நம்பர் போட்டு, பக்கத்திலேயே எத்தனை கோடி வசூல் என்றும் எழுதியிருந்தான். அந்தத் தாள் முன்னால் இரண்டு நாள் ஒரே கூட்டம். தண்ணி குடிக்கப் போறவங்க எல்லாம் நின்னு படிச்சாங்க. நானும் படித்தேன். படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'இவ பெரிய இவ' என்று சொல்வீர்கள். கில்லி எனக்கும் பிடிக்கும். டிவியில் எத்தனை தடவை போட்டாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 2024-ல் அதை மறுபடியும் தியேட்டரில் ரிலீஸ் செய்தபோது எங்க அண்ணன் கூட்டாளிகளோட போய்ட்டு, தொண்டை கட்டிப் போய்தான் வீட்டுக்கு வந்தான். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த படத்துக்கே இந்தக் கூட்டம் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

என் சண்டை அந்தக் கோடிக் கணக்கோடுதான். எத்தனை கோடி வசூல் ஆனாலும் அதில் நமக்கு ஒரு தேன்மிட்டாய் கூட வரப்போவதில்லை. அது படம் எடுத்தவர்கள் கவலை. பார்க்கிறவர்களுக்கு வேற கணக்கு இருக்கணும் இல்லையா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம். கில்லியில் தனலட்சுமி என்ன செய்கிறாள்? முத்துப்பாண்டியிடம் மாட்டுகிறாள், வேலு காப்பாற்றுகிறான். வேலு சென்னைக்குக் கூட்டி வருகிறான், வீட்டில் ஒளித்து வைக்கிறான். ஓடுகிறாள், ஒளிகிறாள், அழுகிறாள், பாட்டுக்கு ஆடுகிறாள். எல்லாத் திட்டமும் வேலு போட்டது. ஒருத்தி மட்டும், "வேலுவ ஓட வச்சதே அவதான்டி" என்றாள். சிரித்துவிட்டோம். விக்ரம் படத்தில் ஏஜென்ட் டீனா வருகிற கொஞ்ச நேரத்துக்கு எங்க வகுப்புப் பொண்ணுங்க எல்லாம் ரசிகர்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாதிரி இருந்தவர் திடீரென்று சண்டை போடுவார். ஆனா பாருங்க, அவரையும் உடனே சாகடிச்சிட்டாங்க.

சரி, நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா என்று படம் போடுகிறார்கள் அல்லவா, அப்போது நான் ஆறாம் வகுப்பு. முதலில் எங்களுக்குப் பாட வேளை போகுதேங்கற சந்தோஷம் மட்டும்தான். பிறகுதான் படத்தையும் பார்க்க ஆரம்பித்தோம். அப்படி ஒரு நாள் எங்கள் டீச்சர் போட்டுக் காட்டிய படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஈரான் நாட்டுப் படம். 1997-ல் வந்தது. இயக்குநர் பெயர் மஜீத் மஜீதி. வெளிநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசுப் போட்டிக்குத் தேர்வான முதல் ஈரான் படம் அதுதான். பாரசீக மொழி யாருக்கும் புரியாது. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தையும் வேகமாகப் படிக்க முடியாது. அதனால் டீச்சர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு அவர்களும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். தேவைப்படவில்லை.

கதை இவ்வளவுதான். அலி என்று ஒரு பையன். தங்கச்சி ஸாரா. தங்கச்சியின் ஷூவைத் தைத்து வாங்கிக்கொண்டு வரும்போது அலி அதைத் தொலைத்துவிடுகிறான். வேற ஷூ வாங்க அப்பாவிடம் காசு கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஸாராவுக்குக் காலைப் பள்ளி, அலிக்கு மதியப் பள்ளி. அதனால் அலியோட ஷூவை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்க. பள்ளி விட்டதும் ஸாரா தெருத்தெருவாக ஓடி வர வேண்டும். சந்தில் நின்று ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அலி ஓட வேண்டும். எவ்வளவு ஓடினாலும் அவன் தாமதமாகத்தான் போகிறான், மாட்டிக்கொள்கிறான். ஒரு நாள் அந்த ஷூ ஸாராவின் காலுக்குப் பெரிதாக இருப்பதால் கழன்று சாக்கடையில் விழுந்து மிதந்துபோகும். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. லியோவுல கழுதைப்புலி வந்தப்ப கூட எங்க வகுப்பு அப்படிக் கத்தியிருக்காது.

படம் முடிந்ததும் ஒரு தோழி, "அழுகைப் படம், எனக்குப் பிடிக்கல" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஏனென்றால் எனக்கு அந்தப் படத்தில் முதலில் வந்தது சிரிப்பு. ஷூ தொலைந்த அன்று ராத்திரி அப்பாவும் அம்மாவும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அண்ணனும் தங்கச்சியும் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நோட்டில் எழுதி எழுதிச் சண்டை போடுவார்கள். கடைசியில் சொல்லாமல் இருக்க அலி ஒரு பென்சிலைக் கொடுப்பான். எல்லோரும் அமைதியாகப் பார்க்கும்போது நான் மட்டும் பக்கென்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் "எதுக்குடி சிரிக்கிற?" என்று கிள்ளினாள்.

ஏன் சிரித்தேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளி மூடியிருந்தபோது நான் நாலாவது, அண்ணன் ஒன்பதாவது. பாடம் பாதி கல்வித் தொலைக்காட்சியில், பாதி வாட்ஸ்ஆப்பில். எங்கள் வீட்டில் ஒரே ஒரு செல்தான் அப்படிப் பார்க்கிற மாதிரி. அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இருட்டினதுக்கு அப்புறம்தான் வரும். வந்ததும் முதல் பத்து நிமிஷம் என் வீட்டுப்பாடத்தை அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவான். அப்புறம் அவன் பார்ப்பான். நெட் மிச்சம் பண்ண அவன் கண்டுபிடித்த வழி அது. ஒரு நாள் நான் அடம்பிடித்து வாங்கி, அடிபம்புகிட்ட கீழே போட்டுட்டேன். டிஸ்பிளேல கோடு விழுந்திடுச்சு. ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்காமல், என் கணக்கு நோட்டின் பின் அட்டையில்தான் எழுதிப் பேசினோம். கடைசியில் அண்ணன்தான் "நான்தான் போட்டேன்ப்பா" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்கு அடி இல்லை. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஈரான் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடித்தான் கண்டுபிடித்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகளும் எங்க வீட்டுப் பின் அட்டையில எழுதினதையே எழுதுறாங்கன்னா சிரிப்பு வராதா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். போன வாரம் ஐந்து படம் எழுதிய தோழனிடமே இதைச் சொன்னேன். அவன் கேட்டான், "அப்ப கஷ்டப்படறதக் காட்டுனா அது நல்ல படமா?" நல்ல கேள்வி. இல்லை என்பதுதான் என் பதில். கஷ்டத்தைக் காட்டுவது சுலபம். மழையில் நனைய விட்டு, பின்னால் வயலின் வாசித்தால் போதும், யாருக்கும் அழுகை வரும். அப்படி நிறைய வந்திருக்கு. அந்தப் படங்களில் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள். யாராவது பெரியவர் வந்து காப்பாற்றுவார். அலியும் ஸாராவும் சும்மா நிற்கவில்லை. ஷூவைக் கழுவுகிறார்கள், காய வைக்கிறார்கள், நேரம் கணக்குப் போடுகிறார்கள், ஓடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுக்கு ஷூ என்று தெரிந்ததும் அலி மூன்றாவதாக வரத் திட்டம் போடுகிறான். பையன்கள் ஷூ கொடுத்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்கும் பதில் வைத்திருக்கிறான். கடைசியில் தெரியாமல் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். முதல் பரிசு வாங்கி அழுத ஒரே ஹீரோ அவனாகத்தான் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் படத்தின் பெரிய காட்சி ஓட்டப்பந்தயம் இல்லை. ஸாரா தன் ஷூவைத் தன் பள்ளியிலேயே வேறொரு பெண்ணின் காலில் பார்த்துவிடுவாள். அவள் பெயர் ரோயா. அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போவாள். ஒளிந்து நின்று பார்ப்பார்கள். அந்த வீட்டில் அப்பாவுக்குக் கண் தெரியாது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பார்கள். அங்கே பாட்டு இல்லை, வசனம் இல்லை. எனக்கா இருந்தா கேட்டு வாங்கியிருப்பேன். சத்தியமா கேட்டிருப்பேன். அதனால்தான் அந்தக் காட்சி என்னை விடவே இல்லை. அந்தத் திட்டத்தைப் போட்டவளும் ஸாரா, கைவிட்டவளும் ஸாரா. அவளுக்கு என் வயசு கூட இல்லை. தனலட்சுமியை விட்டுவிட்டு நான் ஸாராவைச் சொல்வது இதனால்தான்.

தமிழில் சொல்லு என்பீர்கள். காக்கா முட்டை (2015). மணிகண்டன் இயக்கிய படம். நடித்த ரமேஷ், விக்னேஷ் இரண்டு பேருக்கும் தேசிய விருது கிடைத்தது. காக்கைகள் இருந்த மரத்தை வெட்டிய இடத்தில் பீட்சா கடை வருகிறது. விலை 299 ரூபாய். அண்ணனும் தம்பியும் ரயில் பாதையில் சிந்திக் கிடக்கும் கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்ததும் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சட்டை சரியில்லையாம். உடனே நல்ல சட்டைக்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். அதற்கும் அடிதான் கிடைக்கிறது. ஆனாலும் பாருங்க, படம் முழுக்க சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம். பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்து, தோசையிலேயே பீட்சா சுட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று போதும்.

இந்தப் படத்தை அம்மாவுக்குச் செல்லில் போட்டுக் காட்டினேன். அம்மா சீக்கிரத்தில் சம்மதிக்கவில்லை. "நாள் பூரா பார்க்கறது பத்தாதுன்னு ராத்திரியும் அதையே பார்க்கணுமா? வடிவேலு காமெடி போடுடி" என்றது. அது சொன்னதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. வேலை செய்து களைத்து வருகிறவர்கள் சிரிக்க ஆசைப்படுவதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் பாட்டி தோசைக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு படத்தில் வரும் அம்மாவையே (ஐஸ்வர்யா ராஜேஷ்) பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் ஜெயிலில், ரெண்டு பிள்ளை, மாமியார். கடைசியில், "இந்தப் பொண்ணு யாருடி, நம்ம பக்கத்து வீட்ல இருக்கற மாதிரியே இருக்கா" என்றது. அவ்வளவுதான் விமர்சனம்.

கனா (2018) பற்றியும் சொல்ல வேண்டும். எங்க வகுப்புப் பொண்ணுங்க பாதிப் பேருக்கு அதுதான் முதல் இடம். குளித்தலைப் பொண்ணு இந்திய அணிக்கு கிரிக்கெட் ஆடப் போகும் கதை. எனக்கும் பிடிக்கும், குறிப்பாக அப்பாவாக வரும் சத்யராஜ். ஒரே ஒரு குறை. ஜெயிச்சாதான் பொண்ணைப் பத்திப் படம் எடுப்பாங்களோன்னு தோணும். ஸாரா எதிலும் ஜெயிக்கவில்லை. இதைச் சொன்னதற்கு ஒருத்தி என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அடுத்த மாதம் என்ன படம் போடலாம் என்று பெயர் எழுதி, டீச்சர் மேசையில் இருக்கும் சாக்பீஸ் டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் காக்கா முட்டை எழுதிப் போட்டுவிட்டேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கில்லி என்று போட்டால் நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து விசில் அடிப்பேன் (டீச்சர் இல்லாவிட்டால்).

ஐந்து படம் எழுதிய தோழனுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். உன் தாள் இன்னும் பீரோவில்தான் இருக்கு. அந்தக் கோடியை எல்லாம் அடிச்சிட்டு, ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலயும் உனக்கு மறக்க முடியாத ஒரே ஒரு காட்சியை எழுதிக் கொடு. அடுத்த இதழில் என் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம். பசை நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி