கண்ணீர் மட்டுமா இலக்கியம்?

('த மார்ஷியன்' திரைப்படம் பற்றிய சில கருத்துக்களுக்கு ஒரு மறுப்பு)

அன்டி வியர் எழுதிய 'த மார்ஷியன்' என்னும் நாவல் 2011இல் ஆசிரியராலேயே வெளியிடப்பட்டு, 2014இல் பெரும் பதிப்பகம் ஒன்றினூடாக அச்சேறி, 2015இல் றிட்லி ஸ்கொட்டின் நெறியாள்கையில் திரைப்படமாயிற்று. இறந்துவிட்டான் எனக் கருதிச் சகாக்கள் செவ்வாய்க் கிரகத்தில் விட்டுச்சென்ற தாவரவியலாளன் ஒருவன், தன் அறிவொன்றையே முதலாகக் கொண்டு உயிர் தரித்து மீளும் கதை அது. படம் வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. எனினும், கல்முனையில் நண்பர் சிலர் ஒன்றுகூடி அதனைப் பார்த்த ஓர் இரவில் எழுந்த விவாதம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. படத்தைப் பற்றிய விவாதமாகத் தொடங்கியது, நாம் இலக்கியம் என்று எதனைக் கொள்கிறோம், அறிவு என்று எதனைக் கொள்கிறோம் என்பவற்றைக் காட்டிக்கொடுக்கும் விவாதமாக முடிந்தது. அன்று கூறப்பட்ட கருத்துக்கள் நால்வகைப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது சாரார் நாவலைப் படித்தவர்கள். "நாவலில் உள்ளது படத்தில் இல்லை" என்பது அவர்களது தீர்ப்பு. இத்தீர்ப்பை எந்தத் தழுவற் படத்தின்மீதும் கூறலாம். எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஒரு கூற்று எந்தப் படத்தையும் விளக்குவதன்று. நாவலின் பெரும்பகுதி நாயகனான மார்க் வற்னியின் நாட்குறிப்பாக அமைந்தது. அவன் எழுதுகிறான், நாம் வாசிக்கிறோம். திரைப்படம் அந்நாட்குறிப்பை, வாழ்கூடத்தில் பொருத்தப்பட்ட கமெராக்களை நோக்கிய பேச்சாக மாற்றிக்கொண்டது. ஊடகம் மாறும்போது நிகழவேண்டிய நேர்மையான மாற்றம் இது. நெடும்பயணத்தில் ஊர்தி கவிழ்வதும், துளைகருவியின் மின்னொழுக்கினால் தொடர்புக் கருவி செயலிழப்பதும் படத்தில் இடம்பெறவில்லை. அவை போனதால் கதை குறைந்ததேயன்றிக் கதையின் அறம் குறையவில்லை.

அறம் குறைந்த இடம் வேறொன்று உண்டு. கையுறையைத் துளைத்து, வெளியேறும் காற்றின் உந்துதலால் பறக்கலாம் என்பது நாவலில் வற்னி வேடிக்கையாகச் சொல்லும் யோசனை. அது அங்கே ஏற்கப்படுவதில்லை. படத்திலோ அவன் அதனைச் செய்தே காட்டுகிறான். கணக்கினால் உயிர் பிழைத்தவனைக் கடைசிக் கட்டத்திற் சாகசக்காரனாக்கியது ஹொலிவூட். நாவலின் பக்கம் நின்று வழக்காட வந்தவர்கள் சுட்டியிருக்க வேண்டியது இதனையே. அவர்களில் ஒருவரேனும் சுட்டினாரில்லை. ஒப்பிடுவதும் முறைப்பாடு செய்வதும் வெவ்வேறு தொழில்கள் என்பதை எம்மவர் இன்னும் உணரவில்லை.

இரண்டாவது சாரார் விஞ்ஞானம் பயின்றோர். படத்தின் தொடக்கத்தில் வீசும் புயலைக் கண்டதும் அவர்கள் நகைத்தனர். செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் புவியினதில் நூற்றிலொரு பங்கிலும் குறைவு. அங்கு எவ்வளவு வேகமாகக் காற்று வீசினும் விண்கலத்தைச் சாய்க்கும் வலு அதற்கில்லை. நியாயமான திருத்தமே. ஆயினும் நாவலாசிரியர் இதனை அறிந்தே எழுதினார். கதையைத் தொடக்கிவைக்க இப்பிழையைத் தெரிந்து ஏற்றதாக அவரே வெளிப்படையாகக் கூறியுமிருக்கிறார். செவ்வாய் மண்ணில் நச்சுத்தன்மையுள்ள பேர்குளோரேற்று உப்புக்கள் இருப்பதை பீனிக்ஸ் விண்கலம் 2008இல் கண்டறிந்தது. கதையில் அதைப்பற்றிப் பேச்சில்லை என்பதும் மெய்யே.

ஆனால் பிழை பிடித்ததோடு இவர்களது இரசனை முடிந்துவிட்டதே, அதுதான் வருத்தத்திற்குரியது. விடைத்தாள் திருத்துபவரின் சிவப்பு மையோடு கலையை அணுகுபவர், அங்கே சரியாக எழுதப்பட்டதைப் படிப்பதேயில்லை. வற்னி எரிபொருளாகிய ஐதரசீனைப் பிரித்து ஐதரசனைப் பெறுகிறான். அதனை ஒட்சிசனில் எரித்து நீராக்குகிறான். அந்நீரை மண்ணில் ஊற்றி உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். இடையில் வெடிப்பொன்று நிகழ்ந்து தூக்கியெறியப்படுகிறான். காரணம் யாது? தான் வெளிவிடும் மூச்சிலும் ஒட்சிசன் உண்டென்பதைக் கணக்கிற் சேர்க்க மறந்தான். உலகனைத்தையும் அளந்தவன் தன் மூச்சை அளக்க மறந்த இவ்விடத்தில் இரசாயனவியலும் உண்டு, மனித இயல்பும் உண்டு. புயலைப் பார்த்துச் சிரித்த நண்பர்கள் இவ்விடத்தில் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது சாராருடனேயே எனது பிரதான வழக்கு. அவர்கள் இலக்கியம் பயின்றோர். என் சொந்தக் கூட்டத்தவர். "இதிலே கணக்கு இருக்கிறது, மனிதன் இல்லை. அவன் அழவில்லை, வேடிக்கை பேசுகிறான். இது இலக்கியமாகாது" என்றார் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர். அவையும் அதனை ஆமோதித்தது. 2016 ஜனவரியில் கோல்டன் குளோப் விருதுக்குழு இப்படத்தை இசை அல்லது நகைச்சுவைப் பிரிவிற் சேர்த்துச் சிறந்த படமெனப் பரிசளித்தபோது மேனாட்டிலும் பலர் எள்ளினர். ஆக, சாவின் முன் சிரிப்பவனை எங்கே வைப்பதென்ற திகைப்பு எமக்கு மட்டும் உரியதன்று. ஆனால் எம்மிடம் அதற்கு விடை இருந்தும் நாம் திகைப்பதே வியப்பு.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்துமிடத்து நகையை முதலிலும் அழுகையை அதன் பின்னும் வைத்தார். அதனினும் முக்கியமானது பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்கு அவர் கூறும் நிலைக்களன்கள். அவை நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நான்கனுள் கல்வி முதலாவது. அறிவினாற் பிறக்கும் நிமிர்வு ஓர் இலக்கிய உணர்ச்சி என்பதை ஏற்றுக்கொண்ட மரபு எமது மரபு. முப்பத்தொரு நாள் தங்குதற்கென ஆறு பேருக்குக் கொண்டுவந்த உணவை ஒருவன் எண்ணிப் பார்த்து, அடுத்த கலம் வர நான்கு ஆண்டுகள் ஆகுமெனக் கணித்து, மண்ணைக் கிளறத் தொடங்கும் காட்சியில் உள்ளது பெருமிதமன்றி வேறென்ன? அழுகையொன்றே ஆழமானது, எண்ணிக்கை மேலோட்டமானது என்ற எண்ணத்தை எமக்குக் கற்பித்தது தொல்காப்பியமன்று. பிற்காலத்து மலிந்த உருக்கக் கதைகளே கற்பித்தன.

எமது பிரதேசத்தின் இன்னொரு மரபையும் நினைவூட்ட விரும்புகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவஞானியுமான இப்னு துபைல் 'ஹய் இப்னு யக்ஸான்' என்னும் கதையை அரபு மொழியில் எழுதினார். மனித வாடையற்ற தீவில் மான் ஒன்றினால் வளர்க்கப்படும் குழந்தை, அம்மான் இறந்ததும் அதன் உடலை அறுத்து, அதைவிட்டு நீங்கியது யாதெனத் தேடுகிறது. தீயையும் விண்மீன்களையும் கூர்ந்து நோக்குகிறது. நோக்கி நோக்கி ஈற்றில் இறைவனையே அறிகிறது. 1671இல் இலத்தீனிலும் 1708இல் அரபிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட இந்நூல், 1719இல் வெளிவந்த 'றொபின்சன் குறூசோ'வுக்கு முற்பட்டது. தனித்துவிடப்பட்ட மனிதன் அறிவினால் மீளும் கதையை மேலைத்தேய இறக்குமதி என்று கூறும் கல்முனைக்காரன் தன் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்க்காதவன். கணக்கிடுபவனிடம் ஆன்மா இல்லை என்போர்க்கும் இப்னு துபைல் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை சொல்லிவிட்டார்.

இன்னும் அண்மையில் வருவோம். கல்முனைக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் உள்ள காரைதீவில் 1892இற் பிறந்தவர் விபுலானந்த அடிகள். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானவர். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இணைத்து 'மதங்க சூளாமணி' எழுதிய அதே கை, சுருதிகளின் கணக்கை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தது. யாழ் நூலிலுள்ள எண்களை நீக்கிவிட்டால் அங்கே இசை மிஞ்சுமா? அவர் பிறந்த மண்ணில், க.பொ.த. சாதாரண தரம் முடிந்த மறுநாளே பிள்ளைகளைக் கலை என்றும் விஞ்ஞானம் என்றும் பிரித்து, பின்னர் ஒருவரது மொழி மற்றவர்க்கு விளங்காதவாறு வளர்த்துவிட்டோம். அன்றிரவு ஒரே திரையைப் பார்த்தவர்கள் இருவேறு படங்களைக் கண்டதன் காரணம் இதுவே.

நான்காவது சாரார், "விண்வெளி எமக்கு எதற்கு? இது அமெரிக்காவின் விளம்பரம்" என்றனர். இக்கூற்றின் பாதி மெய். நாசா இப்படத்துக்கு ஒத்துழைப்பு நல்கியது. படத்தால் அதற்கு விளம்பரமும் கிடைத்தது. ஆயினும் மறு பாதியை எவ்வாறு ஏற்பது? 2013 நவம்பரிற் புறப்பட்டு 2014 செப்டெம்பரிற் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய இந்தியாவின் மங்கள்யானுக்குச் செலவான தொகை ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபா. அதாவது சுமார் 7 கோடி 40 இலட்சம் டொலர். இப்படத்துக்குச் செலவானதோ சுமார் 10 கோடி 80 இலட்சம் டொலர். செவ்வாயை நடித்துக் காட்டுவதற்கு ஆன செலவிலும் குறைந்த செலவில் எமது அயலவர் அங்கே சென்றுவிட்டனர். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், புவியோடு இணைந்து சுழலும் செய்மதிகளினூடாக உலகெங்கும் தொடர்பாடலாம் என 1945இலேயே எழுதியவர். இன்று கல்முனைக் கடற்றொழிலாளி தோணியைத் தள்ளுமுன் கேட்கும் காற்று எச்சரிக்கைக்கும் மேலே சுழலும் செய்மதிகளே கண். விண்வெளி எமக்கு எதற்கு என்பவர் அவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இச்சாரார் உண்மையில் எழுப்பியிருக்க வேண்டிய வினா வேறு. நாவலில் செவ்வாய்த் திட்டத்தின் பணிப்பாளர் வெங்கட் கபூர். திரையில் அவர் வின்சென்ற் கபூர் ஆனார். தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர் என்ற விளக்கத்தோடு ஆங்கிலேய நடிகர் சூவெற்றெல் எஜியோபர் அப்பாத்திரத்தை ஏற்றார். கொரியக் குடும்பப் பெயர்கொண்ட மின்டி பார்க் வெள்ளை நடிகை ஒருவரானார். அமெரிக்காவில் வாழும் ஆசியர்கள் இதனைக் கண்டித்தனர். எஜியோபர் சிறந்த நடிகர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிவுத் துறையொன்றின் தலைமையில் எம்மவர் பெயர் ஒன்று இருந்ததும், அது துடைக்கப்பட்டதும் உண்மை. விண்வெளி எமக்குரியதன்று என்று நாமே கூறிக்கொண்டிருக்கும்வரை, எம் பெயரைத் துடைப்பவனை நோக்கி எந்த முகத்தோடு கேட்போம்?

இவ்வளவு சீற்றம் ஒரு படத்துக்காகவா என வாசகர் கேட்கலாம். படத்துக்காக அன்று.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை 6.58 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அவ்வலை எமது கரையை அடைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்நேரத்தில் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் மக்கள் காலையுணவு உண்டனர். பிள்ளைகள் கடற்கரையில் விளையாடினர். இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகப் பெரிய இழப்பு எமதே. அதன் பின் நாம் ஏராளமாக எழுதினோம். அவற்றுட் பெரும்பாலானவை கண்ணீர்க் கவிதைகள். கண்ணீரைப் பழிக்கும் துணிவு எவருக்கும் வேண்டாம், எனக்கும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

நிலம் பிளந்த இடத்துக்கு மிக அண்மையில் சிமெலூ என்னும் இந்தோனேசியத் தீவு உண்டு. 1907இல் அங்கு ஆழிப்பேரலை தாக்கிப் பெருந்தொகையானோர் இறந்தனர். தப்பியவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் கட்டினர்: நிலம் வலுவாக அதிர்ந்தால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு. பாட்டிமார் அதனைத் தாலாட்டாய்ப் பாடினர். 2004இல் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த அத்தீவில் அலைக்குப் பலியானோர் ஏழு பேர் என்பது பதிவு. அவர்களைக் காத்தது கருவியன்று, கவி. அக்கவியில் உணர்ச்சியும் இருந்தது, தகவலும் இருந்தது. கணக்கு இலக்கியமாகாது என்னும் நண்பரிடம் நான் கேட்பது இதுதான்: அது இலக்கியமா, இல்லையா?

மார்க் வற்னியின் கதை மகத்தான இலக்கியம் என்று நான் வாதிடவில்லை. அவன் மனத்தின் இருளுக்குள் நாவலும் அதிகம் இறங்கவில்லை, படமும் இறங்கவில்லை. கையுறைக் காட்சி போன்ற மலிவும் அங்கு உண்டு. ஆயினும், "என்னிடம் என்ன இருக்கிறது, எத்தனை நாளைக்குப் போதும், அடுத்து என்ன செய்யவேண்டும்" எனக் கேட்கும் மனிதனை அது மதிப்போடு நடத்துகிறது. அம்மனிதன் எமக்கு அந்நியனல்லன். இயந்திரம் பழுதுற்ற படகில் நாட்கணக்காய் அலைந்து, நன்னீரை மூடியால் அளந்து குடித்து, விண்மீனைப் பார்த்துத் திசையறிந்து கரை சேர்ந்த கடற்றொழிலாளி எம் கரையோரத்தில் உண்டு. அவன் திரும்பிய பின் நாம் அவனிடம், "அழுதாயா?" என்று கேட்கிறோம். தண்ணீரை எவ்வாறு பங்கிட்டான் என்று கேட்டு எழுதிவைப்பதில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவி காதலையும் பிரிவையும் நெஞ்சில் நிற்கச் சொல்ல வல்லது. அந்த வலுவோடு கடலின் குறிகளையும் சொல்லும் கவியொன்றைக் கட்டி, எம் பாடசாலைப் பிள்ளைகளின் நாவில் ஏற்ற யார் முன்வருவர்? அதற்குக் கவி கட்டத் தெரிந்த கலைபீடத்து மாணவரும் வேண்டும். அலையின் வேகத்தைக் கணிக்கத் தெரிந்த விஞ்ஞானபீடத்து மாணவரும் வேண்டும். இருவரும் ஒரே மேசையில் அமரட்டும். அதன்பின் அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்போம்.