எடைக்குப் போடும் முன் எட்டிப் பார்ப்போம்!

 

கம்ப்யூட்டர் புத்தகம் என்றால் புதுசா இருந்தால்தான் நல்லது, பழசு என்றால் குப்பை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு புத்தகத்தை வாங்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. இதுதான் என் கருத்து.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நூலக பீரோவின் கீழ்த்தட்டில் 23 கம்ப்யூட்டர் புத்தகங்கள் இருக்கின்றன. ஊரில் இருந்து படித்து வெளியே போன அண்ணன்களும் அக்காக்களும் கொடுத்தவை. பெரும்பாலும் தரவுத்தளம் பற்றியும், இணையப் பக்கம் செய்வது பற்றியும்தான். இந்த மாதக் கடைசியில் பீரோவை ஒழுங்குபடுத்தப் போகிறோம். "இதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு, அந்தக் காசோட நூலக நிதியையும் சேர்த்து ஒரே ஒரு பெரிய புதுப் புத்தகமா வாங்கிடலாம்"னு நூலகக் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் எடைக்குப் போனது திரும்பி வராது. அதனால் கொஞ்சம் பொறுத்து யோசிப்போம்.

இரண்டும் ஒன்றல்ல

டேட்டாபேஸ் என்று சொல்கிற தரவுத்தளம் வேறு, வலை நிரலாக்கம் வேறு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். பதிவு எண்ணைத் தட்டுகிறோமே, அந்தப் பக்கத்தைச் செய்வது வலை நிரலாக்கம். லட்சக்கணக்கான பேரில் அந்த ஒரு எண்ணுக்கு உரிய மார்க்கைத் தேடி எடுத்துத் தருவது தரவுத்தளம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

தகவல்களைக் கட்டம் போட்ட அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற அறிஞர் எழுதினார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை 1974-ல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். அதுதான் இன்று எஸ்.க்யூ.எல். என்று வழங்குகிறது. 1986-ல் அமெரிக்காவிலும் 1987-ல் உலக அளவிலும் அதற்குத் தரநிலை வந்தது. எதை எடுக்கணும் என்பதற்கு 'செலக்ட்', எந்த அட்டவணையில் இருந்து என்பதற்கு 'ஃபிரம்', என்ன நிபந்தனை என்பதற்கு 'வேர்'. இந்த மூன்று சொல்லும் அன்றும் அதேதான், இன்றும் அதேதான். அதனால் 20 வருஷத்துக்கு முன் அச்சான எஸ்.க்யூ.எல். புத்தகத்தின் அடிப்படைப் பாடங்களை இன்றைக்கும் தைரியமாகப் படிக்கலாம்.

வலைப் பக்கம் அப்படி இல்லை. டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் யோசனை சொல்லி, 1991-ல் உலகின் முதல் இணையத்தளம் வந்தது. 1995-ல் ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி.யும் வந்தன. அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. எழுத்துக்கு நிறம் கொடுக்க 'ஃபான்ட்', வரியை ஓடவிட 'மார்க்யூ' என்றெல்லாம் பழைய புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. 2014-ல் தரநிலையாக வந்த எச்.டி.எம்.எல்.5 இவற்றை ஒதுக்கிவிட்டது. படம் அசைய வைக்கும் ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்துபோனது. பி.எச்.பி.யில் தரவுத்தளத்தோடு பேசுவதற்கு இருந்த பழைய கட்டளைகளை, 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய கட்டளையை அச்சுப் பிசகாமல் தட்டினாலும் இன்றைய கணினியில் பிழை என்றுதான் வரும். படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? "எனக்கு மூளை இல்லை"னு நினைக்கும். தப்பு பிள்ளையிடம் இல்லை, புத்தகத்தின் வயதில் இருக்கிறது. இப்படி மனம் விட்டுப்போவதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

ஆகவே தரவுத்தளப் புத்தகம் பழசா இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். வலைப் புத்தகத்தை மட்டும் வருஷம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நூலகப் பதிவேட்டிலேயே பாடம் இருக்கு

நல்ல தரவுத்தளப் புத்தகம் எது என்று கண்டுபிடிக்க நம் நூலகப் பதிவேடே போதும். நாம் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் பெயர், வகுப்பு, புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுகிறோம். ஒரு மாணவி 30 புத்தகம் எடுத்தால் அவள் வகுப்பு 30 தடவை எழுதப்படுகிறது. ஒரு இடத்தில் '8-ஆ', இன்னொரு இடத்தில் '8-அ' என்று எழுதிவிட்டால் எது சரின்னு யாருக்கும் தெரியாது. ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இன்னும் குழப்பம்.

இதையே மூன்று அட்டவணையாகப் பிரிக்கலாம். மாணவர் அட்டவணையில் சேர்க்கை எண், பெயர், வகுப்பு. புத்தக அட்டவணையில் புத்தக எண், தலைப்பு, ஆசிரியர். மூன்றாவது இரவல் அட்டவணை. அதில் சேர்க்கை எண், புத்தக எண், தேதி மட்டும் போதும். இப்போது வகுப்பு மாறினால் ஒரே ஒரு இடத்தில் திருத்தினால் சரியாகிவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும் சேர்க்கை எண் வேறாக இருக்கும். இப்படி "ஏன் பிரிக்கணும், எப்படிப் பிரிக்கணும்" என்று முதல் சில அத்தியாயங்களிலேயே சொல்லித் தருவது நல்ல புத்தகம். அதைச் சொல்லாமல் "இந்தப் பட்டனை அழுத்து, அந்தப் பட்டனை அழுத்து" என்று படம் படமாகப் போட்டிருந்தால், பட்டன் இடம் மாறியதும் புத்தகம் வீண்.

இன்னொரு லாபமும் உண்டு. நமக்குக் கணினி அறைக்கு வாரம் ஒரு பீரியடுதான். அதிலும் ஒரு கணினிக்கு மூன்று பேர். அட்டவணை பிரிக்கும் பாடத்துக்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ரஃப் நோட்டும் ஸ்கேலும் போதும். அதனால்தான் முதலில் தரவுத்தளம், பிறகு வலை என்ற வரிசை நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு ஏற்றது என்கிறேன்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய ஐந்து

1. அட்டையை விட்டுவிட்டு, உள்பக்கத்தில் அச்சான வருஷத்தைப் பாருங்கள். அட்டை புதுசா பளபளன்னு இருந்தாலும் உள்ளே மறு அச்சாக இருக்கலாம்.

2. பயிற்சிகள் இருக்கின்றனவா? விடையோ குறிப்போ இருக்கிறதா? சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டில் விடைப் பகுதிதான் டீச்சர்.

3. ஒரே உதாரணம் முதலில் இருந்து கடைசி வரை வளர்கிறதா? பக்கத்துக்கு ஒரு துண்டு நிரல் என்று சிதறிக் கிடந்தால் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

4. பி.எச்.பி. புத்தகமாக இருந்தால், பாதுகாப்பு பற்றிச் சொல்கிறதா? பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே மேற்கோள் குறியும் கட்டளையும் எழுதி உள்ளே இருக்கும் தகவலைத் திருட முடியும். அதைத் தடுக்க 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' என்ற முறை இருக்கிறது. அந்தச் சொல் பொருளடக்கத்திலோ கடைசிப் பக்கத்துச் சொல்லடைவிலோ இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தை நம்பி ஊருக்கு ஒரு இணையப் பக்கம் செய்யக் கூடாது.

5. "24 மணி நேரத்தில் கற்கலாம்" என்ற வகைத் தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். பீட்டர் நார்விக் என்ற கணினி அறிஞர் இதைக் கிண்டல் செய்து, பத்து ஆண்டுகளில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

தடிமனைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சில்பர்ஷாட்ஸ், கோர்த், மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுதர்சன் மூவரும் எழுதிய தரவுத்தளப் புத்தகம் உலகம் முழுக்கக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அருமையான புத்தகம்தான். ஆனால் அது கல்லூரிக்கு. நாம் அதில் தொடங்கினால் முதல் வாரமே மூடி வைத்துவிடுவோம்.

அப்போ எதைப் படிப்பது?

பக்கத்திலேயே இருக்கிறது! 2018-லும் 2019-லும் வந்த நம் தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் 'கணினிப் பயன்பாடுகள்'. பதினொன்றாம் வகுப்பு நூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மை எஸ்.க்யூ.எல்., பி.எச்.பி. இருக்கிறது. தமிழிலேயே இருக்கிறது. பிளஸ் டூ முடித்த அக்கா ஒருவரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். அடுத்து, நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்'. கணியம் குழுவினர் இலவசமாக வெளியிட்டது. அச்செடுத்துப் பகிரவும் அனுமதி உண்டு. கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை அப்படியே பழகிக்கொள்வோம். விளக்கம் தாய்மொழியில் இருந்தால் புரிந்து படிப்போம், மனப்பாடம் செய்ய மாட்டோம்.

"எல்லாம் யூடியூப்ல இருக்கு, புத்தகம் எதுக்கு?"ன்னு சிலர் கேட்பீர்கள். வீடியோவில் நல்ல பாடங்கள் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது ஒரு போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போகும், சாயங்காலம் அண்ணன் கைக்குப் போகும். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போனுன்னு கேட்கிற வீடுகளும் நம் ஊரில் இருக்கு. நூலகப் புத்தகத்தை யாரும் அப்படிப் பிடுங்க மாட்டாங்க. பையில் போட்டுக்கொண்டு போனால் 15 நாள் அது என்னுடையது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். புரியாத பக்கத்தை மடக்கி வைத்து மறுநாள் சாரிடம் கேட்கலாம்.

என் வேண்டுகோள்

பீரோவில் இருக்கும் 23 புத்தகங்களையும் மூன்று குவியலாகப் பிரிப்போம். தரவுத்தளம், எஸ்.க்யூ.எல். அடிப்படை பற்றியவை முதல் குவியல். அவை பழசானாலும் இருக்கட்டும். 2015-க்கு முந்தைய பி.எச்.பி. புத்தகங்கள், ஃபிளாஷ் புத்தகங்கள், பழைய எச்.டி.எம்.எல். புத்தகங்கள் இரண்டாவது. அவை எடைக்குப் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. கல்லூரிப் புத்தகங்கள் மூன்றாவது. மேல்தட்டில் வைத்தால் கல்லூரி போகும் நம் ஊர் அக்காக்களுக்கு ஆகும். வரும் காசில் ஒரே பெரிய புத்தகம் வாங்குவதை விட, இலவசத் தமிழ்ப் புத்தகத்தை மூன்று பிரதி அச்செடுத்து பைண்டிங் பண்ணுவோம். ஒரே நேரத்தில் மூன்று பேர் வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

பிரிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாங்கள் ஐந்து பேர் செய்யத் தயார். மதிய இடைவேளை இரண்டு நாள் போதும். தலைமை ஆசிரியர் அவர்களும் நூலகப் பொறுப்பாசிரியர் அவர்களும் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தயங்காமல் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சுவரிதழ்க் குழு